எடுப்பதானால் எடுங்கள், இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள்

சென்னை விமான நிலைய விரிவாக்கத்தை முடிவுசெய்யும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொளப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டாவது ஓடுபாதையின் வடமேற்கு முனைக்கு எதிரே, அடையாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். இணை ஓடுபாதைப் பேச்சு கிளம்பிய காலத்திலிருந்து மணப்பாக்கம், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம், தரப்பாக்கம் என்று எங்கள் ஊர்ப் பெயர்கள் நிலம் எடுக்கும் உங்கள் கோப்புகளில் வருவதும் போவதுமாக இருக்கின்றன. அந்தப் பழைய கதை உங்களுக்கே தெரியும். போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாடியில் இரண்டு அறை எழுப்பக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். பட்டா, மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் சரியாக இருந்தன. மேலாளர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். முகவரியைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்தார். எங்கள் தெருவைத் தேடி நகர்த்திக்கொண்டே வந்தவர், ஓடுபாதையின் நுனி திரையில் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"சார், இது ஏர்போர்ட்டுக்கு எடுக்கப்போற இடமா?"

"எங்களுக்கு அப்படி எந்த நோட்டீசும் வரலைங்க."

"எடுக்க மாட்டாங்கன்னு ஏதாவது லெட்டர் இருக்கா?"

அதற்கு நான் என்ன சொல்வது? எடுக்கப்போகிறோம் என்று ஒரு கடிதம் இருந்தால் ஆட்சேபம் எழுதலாம், இழப்பீடு கேட்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். எடுக்க மாட்டோம் என்ற கடிதத்தை எந்த அலுவலகத்தில் போய் வாங்குவது? "லீகல்ல பாஸ் ஆகாது சார்" என்று கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தேவையான தாள் உங்களிடம் இருக்கிறது.

எங்கள் தெருவில் பெண்ணின் கல்யாணத்துக்காக அரை கிரவுண்டு விற்கப் பார்த்த ஒருவரிடம் புரோக்கர் முதலிலேயே "ஏர்போர்ட் சைடு" என்று விலையைக் குறைத்துத்தான் பேச்சை ஆரம்பித்தார். வாங்குகிறவர் பயப்படுகிறார், விற்கிறவர் நஷ்டப்படுகிறார். ஒரு அங்குலம்கூட எடுக்காமலே எங்கள் நிலத்தைப் பாதி எடுத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓடுபாதை போதவில்லை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. இருக்கிற இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றதில் தன்பாட்டுக்கு இன்னொன்றை விட முடியாது. ஆகவே 3,658 மீட்டர் நீளமுள்ள முதன்மை ஓடுபாதைதான் பெரும்பாலான சுமையைச் சுமக்கிறது. பெங்களூரு 2019இலேயே இணையாக இரண்டாவது ஓடுபாதையைத் திறந்துவிட்டது. இங்கே ஆற்றின்மேல் பாலம் கட்டி எங்கள் பக்கமாக ஓடுபாதையை நீட்டினீர்கள். நீட்டி முடித்த பிறகு எங்கள் வீடுகள் உயரமாக இருக்கின்றன, தடை என்றீர்கள். ஆறு அங்கே இருப்பதையாவது முன்கூட்டியே கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். 2015 டிசம்பரில் அது உள்ளேயே வந்து, நாள்கணக்கில் விமான நிலையத்தை மூட வைத்தது.

திட்டமிடுவதில் உங்கள் முன்னுரிமைகள் சில சமயம் புரிவதில்லை. விமான நிலைய வளாகத்தில் சினிமா தியேட்டர் இருக்கிறது. ஆனால் இறங்கி வருகிற பயணி ஆப்பில் பிடித்த டாக்சியில் ஏற வாசலில் இடமில்லை, பெட்டியையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அடுக்குமாடி கார் பார்க்கிங் வரை போக வேண்டும். சரி, அது வேறு விஷயம்.

"அதான் பரந்தூர் வருதே, உங்களுக்கு இனி என்ன கவலை" என்று பலர் கேட்கிறார்கள். சென்னையின் புது விமான நிலையத்துக்குப் பரந்தூர்தான் இடம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தீர்கள். இரண்டு இணை ஓடுபாதைகள், ஆண்டுக்கு 10 கோடி பயணிகள் என்று திட்டமும் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதிருக்கும் மீனம்பாக்கம் நிலையமும் தொடர்ந்து இயங்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் எங்கள் பக்கத்து ஓடுபாதையின் கதி என்ன? அதை நீட்டுவீர்களா, இப்படியே விடுவீர்களா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரந்தூர்த் திட்டத்தில் நிலம் போகிற ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் வயலையும் ஏரியையும் விட மாட்டோம் என்று போராடி, 2024 நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள். அவர்கள் ஊரை எடுத்துக்கொண்டு எங்களை விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. நாங்கள் கேட்பது விடுதலைகூட இல்லை, ஒரு பதில்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை சின்னதுதான். எங்கள் ஊர்களில் எந்தெந்த சர்வே எண் விரிவாக்கத்துக்குத் தேவை, எது தேவையில்லை என்று பட்டியல் போட்டு, தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, அந்தந்தக் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டுங்கள். தேவை என்றால் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, இன்றைய சந்தை விலையைப் பேசுங்கள். தேவையில்லை என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் தயவுசெய்து பதில் அனுப்பாதீர்கள், அதை வங்கியில் ஏற்றுக்கொள்வதில்லை.

இப்படிக்கு,
கொளப்பாக்கம்வாசி ஒருவர்