ராஜாக்கள் சுரூபத்தை 24-ஆம் தேதியே குடிலில் வைக்காதீர்கள்

பங்கு வழிபாட்டுக் குழுவினருக்கும் குடில் கட்டும் இளைஞர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், அதாவது நாம் 'மூன்று ராஜாக்கள்' என்பவர்கள், பாலன் இயேசுவை வணங்கியதைக் கொண்டாடுவது ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. 2027-இல் அது ஜனவரி 3, ஞாயிறு. மரபான நாள் ஜனவரி 6. ஆனாலும் இந்தியாவில் ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். இந்த முறை புத்தாண்டுத் திருப்பலி முடிந்து இரண்டே நாளில் வருகிறது. பாடகர் குழு களைத்திருக்கும், பூ வாடியிருக்கும், பெருவிழா சாதாரண ஞாயிறாகக் கழிந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறோம்.

சிக்கல் தொடங்குவது டிசம்பர் 24 இரவில். குடிலில் இடையர்களுக்குப் பக்கத்திலேயே மூன்று ராஜாக்களும் ஒட்டகங்களும் நின்றுவிடுகிறார்கள். நாடகத்திலும் பத்து நிமிடத்தில் கிழக்கிலிருந்து வந்து, பரிசைக் கொடுத்து, குழுப்படம் எடுத்து முடிந்துவிடுகிறது. பயணமே செய்யாதவர்களின் பயணத்தைப் பற்றி பத்து நாள் கழித்து என்ன மறையுரை வைப்பது?

மத்தேயு 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அங்கே ராஜா என்ற பட்டம் ஏரோதுக்கும் பிறந்த குழந்தைக்கும்தான், வந்தவர்களுக்கு இல்லை. மூன்று பேர் என்ற கணக்கும் இல்லை, காணிக்கைதான் மூன்று: பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். ஒட்டகமும் அரசர்களும் எசாயா 60-இலிருந்தும் திருப்பாடல் 72-இலிருந்தும் வந்து சேர்ந்தவை. இரண்டுமே அன்றைய வழிபாட்டில் வாசிக்கப்படுவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. வந்தவர்கள் விண்மீன் பார்த்துக் குறி சொல்லும் பிற இனத்தார். பழைய மொழிபெயர்ப்பு 'சாஸ்திரிகள்' என்றது. 'ஞானிகள்' என்பதைவிட அந்தச் சொல்லில் கொஞ்சம் உறுத்தல் இருக்கிறது, அந்த உறுத்தல் நல்லது. நம் தெருவில் சோதிடப் பலகை மாட்டியிருப்பவர் முதல் ஆளாக வந்து பாலனை வணங்கினார் என்றால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அன்று யூதக் காதுகளுக்கு இருந்திருக்கும்.

அவர்களுக்கு வழி முழுதும் தெரிந்திருக்கவில்லை. விண்மீன் எழக் கண்டார்கள், கிளம்பினார்கள். அரசன் பிறந்தால் அரண்மனையில்தானே என்று எருசலேமுக்குப் போனார்கள். திசை சரி, விலாசம் தவறு. விண்மீன் அவர்களுக்கு முன்னே சென்றது என்று நற்செய்தி சொல்வது எருசலேமை விட்டுப் புறப்பட்ட பிறகுதான். இடையில் கையில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: யூதரின் அரசர் பிறந்திருப்பது எங்கே? அதற்குப் பதில் சொன்னவர்கள் மறைநூல் அறிஞர்கள். மீக்கா நூலிலிருந்து பெத்லகேம் என்று பிசகில்லாமல் எடுத்துச் சொன்னார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், காலையில் நடந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். அவர்களில் ஒருவர்கூடப் போனதாக எழுதப்படவில்லை. மறைக்கல்வித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். மறையுரைக்கு இந்த ஓர் இடம் போதும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். தவறான வாசலில் கேட்ட அந்தக் கேள்விதான் ஏரோதின் காதில் விழுந்தது. அவன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் விழா டிசம்பர் 28 என்பதால், காரணம் பிறகும் விளைவு முதலிலுமாக நாம் கொண்டாடுகிறோம். நம்பிக்கையோடு புறப்பட்டவர்களுக்கும் வழி தவறும், அதற்கு விலையும் உண்டு என்பதைச் சொல்லாத மறையுரை பாதி மறையுரைதான்.

இனி செய்ய வேண்டியது. ஞானிகள் சுரூபங்களை டிசம்பர் 25 காலையில் கோயிலின் தலைவாசல் பக்கம் வையுங்கள். அன்றிலிருந்து ஜனவரி 3 வரை ஒன்பது நகர்வு. 90 அடி நீளக் கோயில் என்றால் நாளுக்குப் பத்து அடி. தரையில் வைத்தால் துடைப்பமோ பிள்ளைகளின் காலோ இடித்து மூக்கு உடையும். ஜன்னல் திண்டு வழியாகவே நகர்த்துங்கள். கடைசிக்கு முந்தைய நாள் வாசக மேடை அடியில் நிறுத்துங்கள். அவர்களுக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது மறைநூலிலிருந்து அல்லவா? நகர்த்தும் பொறுப்பைத் தினமும் ஒரு மறைக்கல்வி வகுப்புக்குக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள், பெரியவர்களிடம் விட்டால் மூன்றாம் நாளே நின்றுவிடும்.

ஜனவரி 3 காலையில் இடையர்களையும் ஆடுகளையும் எடுத்துவிடலாம். அவர்கள் லூக்கா நற்செய்தியின் ஆட்கள். மத்தேயு சொல்வது 'வீடு'. அங்கே இருப்பது குழந்தையும் தாய் மரியாவும், தீவனத்தொட்டி அல்ல. அன்னையின் கையில் குழந்தை இருக்கும் சுரூபம் ஒன்று எந்தப் பங்கிலும் இருக்கும். திருப்பலி முடிந்ததும் ஞானிகளைப் பக்கவாசல் வழியாக வெளியே கொண்டுபோங்கள். வேறு வழியாய்த் திரும்பினார்கள் என்பதற்கு விளக்கமே தேவைப்படாது.

காணிக்கைப் பவனிக்கு ஜிகினா ஒட்டிய அட்டைப்பெட்டி வேண்டாம், பொருளையே கொண்டுவாருங்கள். வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். கடையில் சாம்பிராணி என்று கேட்டால் பெரும்பாலும் தருவது சுமத்ரா பக்கத்து ஸ்டைராக்ஸ் மரப் பிசின். ஞானிகள் கொண்டுவந்தது அரபு நாட்டுப் பாஸ்வெல்லியா மரப் பிசின். அதன் இந்திய இனம்தான் கேரளக் கிறிஸ்தவக் கோயில்களில் புகைக்கும் குந்திரிக்கம், அதைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணியைத் தயவுசெய்து தொடாதீர்கள். அடுத்து, நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே 'போளம்' என்றால் கரியபோளம் கொடுத்துவிடுவார்கள். அது கற்றாழைச் சாற்றை உலர்த்தியது. வெள்ளைப்போளம் என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள், 50 கிராம் போதும். அதையும் எல்லோருக்கும் முகரக் கொடுங்கள். சிலுவையடியில் இயேசுவுக்கு நீட்டிய திராட்சை இரசத்திலும், நிக்கதேம் கல்லறைக்குக் கொண்டுவந்த கலவையிலும் இருந்தது இதுதான். தொட்டில் பக்கத்தில் அடக்கச் சடங்குப் பொருளை வைத்தது எவ்வளவு துணிச்சல் என்பது மூக்குக்குப் புரியும்.

பீடச்சிறுவர்களுக்கு ஒரு வார்த்தை. கரியைப் பவனிக்குப் பதினைந்து நிமிடம் முன்பே பற்றவைத்து, மேலே சாம்பல் பூத்த பிறகு பிசினைப் போடுங்கள். கறுப்பாக இருக்கும்போதே போட்டால் மணம் வராது, முன்வரிசைக்கு இருமல்தான் வரும். மிளகு அளவுத் துண்டுகள், ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

காணிக்கையை யார் ஏந்தி வருவது என்பதில்தான் பங்குப் பேரவையில் பேச்சு நீளும். கிரீடம் வழக்கமாகப் பெரிய நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறது. மூன்றாம் ராஜாவுக்கு ஒரு பையன் முகத்தில் கரி பூசுவதும் சில இடங்களில் நடக்கிறது, அதை அடியோடு நிறுத்துங்கள். இந்தத் திருநாளின் பொருள் எபேசியர் 3-இல் இருக்கிறது: பிற இனத்தாரும் உடன் உரிமையாளர். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கும் கத்தோலிக்கத் தொழிலாளர்களிடம் அந்த மூன்று தட்டுகளையும் கொடுங்கள். ஒரு மன்றாட்டு இந்தியில் இருக்கட்டும். முந்தின ஞாயிறே நேரில் போய்க் கேளுங்கள், அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால் வரமாட்டார்கள்.

கடைசியாக, நற்செய்திக்குப் பின் அந்த ஆண்டின் பாஸ்கா நாளை, அதாவது உயிர்ப்பு ஞாயிறையும் அதையொட்டிய நாள்களையும், அறிவிக்கும் பழைய வழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 2027-க்குத் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, தூய ஆவியார் பெருவிழா மே 16, திருவருகைக்காலம் தொடங்குவது நவம்பர் 28. இதைப் பாடுவதற்கு ஒருவர் போதும். ஆனால் ராகம் பழக இரண்டு வாரமாவது வேண்டும், கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்