வேண்டாம்னு எழுதி வச்ச ஆளு

மல்லி,

நாலு மாசமா பதில் போடலைன்னு திட்டி முடிச்சிருப்ப, மிச்சம் இருந்தா நேர்ல வாங்கிக்கறேன். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மா முட்டிவலி அப்படியேதான், பரிமளா பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு, அதே மாப்பிள்ளைதான், சிரிக்காத.

இப்ப எழுதறதுக்குக் காரணம் ஒரு பிஷப்புடி. செத்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சின்னவளுக்கு ஸ்கூல்ல மாயா மக்களைப் பத்தி ப்ராஜெக்ட், படம் ஒட்டிக் குடுக்க உக்காந்தவ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இந்தாளைத்தான் படிச்சிட்டு இருந்தேன். தியேகோ தெ லாண்டா. ஸ்பெயின்காரர், பிரான்சிஸ்கன் சாமியார், 1549ல மெக்சிகோ பக்கம் யூக்காடானுக்கு வந்து மாயா பாஷையை நல்லாவே கத்துக்கிட்டவர். கோகோம்னு ஒரு பெரிய மனுஷர் தன் தாத்தாவோட புஸ்தகத்தையே எடுத்துக் காட்டற அளவுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட ஆளு, ஞானஸ்நானம் வாங்கின ஜனங்க ரகசியமா பழைய சாமியைக் கும்பிடறாங்கன்னு தெரிஞ்சதும் 1562ல பிடிச்சு விசாரிக்கறாரு, விசாரணைன்னா மணிக்கட்டுல கயிறு கட்டித் தொங்க விடறது. 158 பேர் செத்தாங்க. ஜூலைல மானிங்கற ஊர்ல சிலையெல்லாம் உடைச்சு, கிடைச்ச புஸ்தகத்தை எல்லாம் கொளுத்தினாங்க. இதைப் பாத்து ஜனங்க எப்படித் துடிச்சாங்கன்னு அவரே எழுதி வச்சிருக்காரு! இன்னிக்கு உலகத்துல மிச்சம் இருக்கற மாயா புஸ்தகம் மொத்தமே 4.

நீ உடனே "அந்தக் காலத்தை வச்சுப் பாக்கணும்"னு ஆரம்பிப்பன்னு தெரியும். அந்தக் காலத்து ஆளுக்கே தாங்கலடி. அடுத்த மாசம் வந்து இறங்கின முதல் பிஷப் டோரல் எல்லாத்தையும் நிறுத்தினாரு, லாண்டா பதில் சொல்ல ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாச்சு. கடைசில குத்தம் இல்லைன்னு விட்டுட்டாங்க, அதோட விட்டாலும் பரவால்ல, டோரல் செத்ததும் அதே ஊருக்கு இவரையே பிஷப்பா அனுப்பினாங்க! 1573ல திரும்பி வந்து 1579ல மெரிடால செத்தாரு. நம்ம பழைய மேனேஜர் கதை ஞாபகம் வருதா?

ஆனா என்னைத் தூங்க விடாதது இது இல்ல. ஸ்பெயின்ல இருந்தப்ப 1566 வாக்குல அந்த ஊரைப் பத்தி ஒரு புஸ்தகம் எழுதினாரு, அதுல மாயா எழுத்துன்னு ஒரு பட்டியல். அவர் ஏ பீ சீ மாதிரின்னு நினைச்சு, ஸ்பானிஷ்ல பீ எழுத்தோட பேரான "பே"ன்னு கேட்டிருக்காரு, எழுதிக் குடுத்த மாயாக்காரர் "பே"ங்கற சத்தத்துக்கு உள்ள குறியைப் போட்டுட்டாரு, நம்ம உயிர்மெய் மாதிரி. "லே"ன்னு எழுதச் சொல்லி, "எலே, எ, லே"ன்னு (எல் எழுத்துக்கு ஸ்பானிஷ்ல பேரு எலே) எழுத்துக் கூட்டிச் சொன்னா, சொன்ன சத்தம் அத்தனையும் வரிசையா எழுதி வச்சிருக்காரு பாவம்! ரொம்ப நாள் இந்தப் பட்டியலே உளறல்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க, 1952ல லெனின்கிராட்ல நோரோசோவ்னு ஒருத்தர் இது அசை எழுத்துன்னு பிடிச்சாரு, அதுலேருந்துதான் மாயா எழுத்தைப் படிக்கவே வழி கிடைச்சது. கொளுத்தினவன் கையிலதான் சாவி இருந்திருக்கு, இதுக்கு நான் கோபப்படறதா கும்பிடறதான்னு நீயே சொல்லு.

இன்னொண்ணு. அந்தப் பட்டியலுக்குக் கீழ உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் இருக்கு. "மா இன் காட்டி." எனக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம். எழுதினவர் பேரு இல்ல, எந்த நினைப்புல எழுதினாருன்னும் இல்ல. அதைப் பாத்துட்டுத்தான்டி ரெண்டு மணிக்கு லைட்டைக்கூட அணைக்காம உக்காந்திருந்தேன்.

சின்னவளுக்கு இதைச் சொன்னது தப்பாப் போச்சு. நேத்து தட்டுல பாகற்காயைப் பாத்ததும் "மா இன் காட்டி"ங்கறா.

பதில் போடு, நாலு மாசம் எடுத்துக்காத.

உன்
சாந்தி