கையெழுத்துப் போடும் முன் அத்தையிடமிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய மனுவை மூன்று முறை படித்தேன். அமெரிக்காவில் நீ படிக்கும் கல்லூரியின் நீச்சல் அணிப் பயிற்சியாளர் தகாத முறையில் நடந்துகொண்டதாக இரண்டு பெண்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி இன்னும் விசாரணையைத் தொடங்கவில்லை. அதற்குள் "இன்றே வேலையை விட்டு நீக்கு" என்று அணியில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "நானும் போடட்டுமா அத்தை? போடாவிட்டால் அவர்களை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா?" என்று கேட்டிருந்தாய். இதே குழப்பத்தில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். அதனால்தான் நீ சம்மதித்தபடி, உன் பெயரையும் கல்லூரிப் பெயரையும் விட்டுவிட்டுப் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

இப்போது இருக்கும் வாசகத்தில் போடாதே. அந்த இரண்டு பெண்களின் பக்கம் நீ நிற்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது உனக்குத் தெரியுமா? நீ அப்போது கைக்குழந்தை. லக்ராஸ் என்ற பந்து விளையாட்டு அணியின் வீரர்கள் மூன்று பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு வந்தது. வழக்குப் பதிவாவதற்கு முன்பே வீரர்களின் படங்களை அச்சிட்டு வளாகத்தில் ஒட்டினார்கள். 88 ஆசிரியர்கள் பெயர் போட்டு மாணவர் நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் யாரையும் குற்றவாளி என்று எழுதவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைப் படித்தவர்கள் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்கள் ரத்தாயின. பயிற்சியாளர் மைக் பிரெஸ்லர் மீது அந்த வழக்கில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, ஆனாலும் ஏப்ரல் 5 அன்று அவர் வேலையை விட வேண்டியதாயிற்று. ஓராண்டு கழித்து, 2007 ஏப்ரலில், வடக்கு கரோலினா மாநிலத்தின் உயர் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டு, அந்த மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். அவர்களுக்குச் சாதகமான மரபணுப் பரிசோதனை முடிவுகளை மறைத்த அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங்கின் வழக்கறிஞர் உரிமமே பறிபோனது. அந்த 88 பேரில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் பெயர் கொடுத்திருப்பார்கள். உன் தோழிகளைப் போல.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், "பார், பெண்கள் பொய் சொல்கிறார்கள்" என்று பேசும் கூட்டத்தோடு நானும் சேர்ந்துவிடுவேன். அந்தக் கூட்டத்தில் எனக்கு இடம் வேண்டாம். அதனால் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வா.

அங்கே விளையாட்டு மருத்துவராக இருந்த லாரி நாசர் மீது 2014-இல் ஒரு பெண் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது. நாசர் செய்தது சிகிச்சைதானா என்று நான்கு மருத்துவ நிபுணர்களிடம் கேட்டார்கள். நால்வரும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், நாசரை அறிந்தவர்கள். தவறு எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். அதன் பிறகும் 2016 வரை அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் 2018 ஜனவரியில், 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வரிசையாக எழுந்து பேசினார்கள். பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அந்த அறைக்குள் போன சிறுமிகளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

டியூக்கில் ஆதாரத்தை யாரும் பார்க்கக் காத்திருக்கவில்லை. மிச்சிகனில் வேண்டியவர்களையே கேட்டு முடித்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒன்றுதான், பாப்பா: ஒழுங்கான விசாரணை. துறை விசாரணைக் கோப்புகளோடு இருபது ஆண்டுகள் கழித்தவள் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். அவசரத்தில் போட்ட தண்டனை மேல்முறையீட்டில் உடைந்துபோகும். "எனக்கு நோட்டீஸே தரவில்லை" என்ற ஒரே வாதத்தில் தப்பித்துவிடுவார்கள். புகார் கொடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டு நிற்பார்.

தண்டிக்கும் முன் குற்றத்தைச் சொல்லி அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற இந்த உரிமை பணக்கார வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று உன் தோழி ஒருத்தி எழுதியிருந்தாளே, அது சரியல்ல. 1960-இல் அலபாமாவின் மான்ட்கோமரியில், நீதிமன்றக் கட்டட உணவகத்தில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பாடு கேட்ட கறுப்பின மாணவர்களில் ஒன்பது பேரை அலபாமா ஸ்டேட் கல்லூரி வெளியேற்றியது. என்ன குற்றம் என்று தெளிவாகச் சொல்லவில்லை, பேசவும் விடவில்லை. அவர்களில் சிலர் வழக்குப் போட்டு, 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அரசுக் கல்லூரி ஒரு மாணவரை வெளியேற்றும் முன் குற்றத்தைச் சொல்லி, அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது அங்கிருந்துதான் வேர்பிடித்தது. அதிகாரம் இல்லாத பிள்ளைகள் போராடி வாங்கியது அது.

விளையாட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 1988-இல் ஜெரி டார்கேனியன் என்ற கூடைப்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அரசு அமைப்பு அல்ல, ஆகவே அரசியலமைப்பின் அந்தக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். அங்கே கல்லூரியின் சொந்த விதிப்புத்தகமும், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமான டைட்டில் நைனின் விதிகளும்தான் துணை. உங்கள் கையேட்டை இன்றே எடுத்துப் படி.

2020 டைட்டில் நைன் விதிகளை 2024-இல் மாற்றினார்கள். அந்த மாற்றத்தை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. எனவே பழையதுதான் நடைமுறைக்குத் திரும்பியிருக்கிறது. அதன்படி விசாரிப்பவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரு தரப்பும் ஆதாரங்களைப் பார்க்க வேண்டும். குறுக்கு விசாரணை உண்டு, ஆனால் பயிற்சியாளர் அந்தப் பெண்களை நேருக்கு நேர் கேள்வி கேட்க முடியாது. ஆலோசகர்தான் கேட்பார். தனித்தனி அறையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கோரலாம். இதை முதலில் அவர்களிடம் சொல். பாதி பயம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், விசாரணை முடியும் வரை அவர் குளத்தருகே நிற்கலாமா? வேண்டாம். தற்காலிகப் பாதுகாப்பு வேறு, தண்டனை வேறு. ஊழியரை விசாரணைக் காலத்தில் விடுப்பில் அனுப்ப விதியில் இடம் இருக்கிறது. தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவு போடலாம். ஆனால் வீரர்கள் விஷயத்தில் இதையே யோசித்துச் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்களின் காலம் குறுகியது. இல்லினாய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷானனை, பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு வந்ததால், 2023 டிசம்பரில் இடைநீக்கம் செய்தார்கள். நீதிமன்றத் தடையுத்தரவு பெற்று ஜனவரியில் ஆடத் திரும்பினார். ஜூன் மாதம் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஜூன் வரை காத்திருக்கச் சொல்லியிருந்தால் அவரது கடைசிக் கல்லூரிப் பருவமே முடிந்திருக்கும்.

சரி, மனுவை எப்படி மாற்றலாம்? "இன்றே நீக்கு" என்ற வரியை எடுத்துவிடு. இன்றே விடுப்பில் அனுப்பு, விளையாட்டுத் துறையோடு தொடர்பில்லாத வெளியாளை விசாரிக்க வை, விசாரணை எப்போது முடியும் என்று தேதி சொல், புகார் கொடுத்தவர்களை யாரும் பழிவாங்காமல் பார்த்துக்கொள் என்று எழுது. அதில் முதல் கையெழுத்து உன்னுடையதாகவே இருக்கட்டும்.

கையெழுத்தை விட அவசரமானது ஒன்று இருக்கிறது. அந்த இருவரில் ஒருத்தி பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இன்று மாலை அவள் அறைக்குப் போ. என்ன நடந்தது என்று கேட்காதே, அதை விசாரிப்பவர் கேட்பார். சும்மா கூட இரு. மாற்றி எழுதிய மனுவை எனக்கு அனுப்பு, வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை