முகப்பில் படுக்கிறான்

அடி உமையா,

திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. ஐந்து மாதமாக எழுதவில்லை, போனையும் எடுக்கவில்லை. சோம்பல் இல்லை, பயம். அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பாவுக்குச் சர்க்கரை, இரண்டும் அப்படியே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விடுதியில் கடைசிக் கந்தரப்பத்துக்காக உன்னோடு மல்லுக்கு நின்ற என் அறைத்தோழி ஞாபகம் இருக்கிறதா? தோழி இல்லை டி, தோழன். திருநம்பி. பெயர் கதிரவன், பழைய பெயரை நீயும் மறந்துவிடு. எனக்கு அவன்மேல் காதல். எழுதிவிட்டேன், அப்பாடா.

கானாடுகாத்தானில் ஆச்சி வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் ஒரே அறையில்தான் இருந்தோம். ஒருநாள் முடியை ஒட்ட வெட்டி, வேட்டி கட்டிக்கொண்டு ஆச்சியிடம் போய்ச் சொன்னான். துரத்திவிடுவார்கள் என்று நான் பெட்டியே கட்டிவிட்டேன். ஆச்சி வெற்றிலையை மென்று முடித்து, "ஆம்பளப் பிள்ளைன்னா ரெண்டாங்கட்டுல என்ன வேலை? முகப்புல போய்ப் படு" என்றார்கள். ஒத்துக்கொண்டதே வினையாகிவிட்டது! நடுவில் வளவு முற்றமும் பட்டாலைக் கூடமும். இரவு பத்துக்கு ஆச்சி பர்மாத் தேக்குக் கதவைத் தாழ் போட்டுவிடுவார்கள். அவன் பாய் இல்லாத தரையைப் பார்த்த அன்றுதான் எனக்கே புரிந்தது.

அப்புறம் நான் செய்த கேவலத்தையும் கேள். கொப்புடையம்மன் திருவிழாவுக்கு அம்மாவும் அப்பாவும் வருவதாக இருந்தார்கள். "மூணு நாள் மட்டும் பழைய பேர்ல இரேன்" என்று கேட்டுவிட்டேன். கோபித்திருந்தால்கூடத் தேவலை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசாமல் வேலைக்குப் போய்விட்டான்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வர்ணக் கலவையை ஊற்ற வேண்டும். கை அசைந்தால் போச்சு. அன்று அச்சைத் தூக்கும்போது கை நடுங்கி, பூவின் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. மேலே சிமெண்டு போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற நாளெல்லாம் என்னோடு பேச்சில்லை. பிறகு அந்தக் கல்லை என் முன்னால் வைத்து, "உன்னாலதான்" என்றான். நகக்கண்ணில் இன்னும் சிவப்பு. நான் அழுதேன்; அவன் சிரித்தான், மடையன். இப்போது அதன்மேல்தான் சோற்றுப் பானை இறக்குகிறேன்.

மூட்டுவலியால் அம்மா அப்போது வரவில்லை. தீபாவளிக்கு இருவரும் வருகிறார்கள். இந்த முறை சொல்லத்தான் போகிறேன். அப்பா முதலில் சட்டம்தான் பேசுவார், அதனால் படித்து வைத்திருக்கிறேன். 2019இல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றது. 2023இல் உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்தை ஏற்காத அதே தீர்ப்பில், திருநம்பி ஒரு பெண்ணை மணக்க இருக்கிற சட்டமே போதும் என்றது. சிரிக்காதே, கல்யாணத்துக்கு அவசரமில்லை. அப்பா வாயை அடைக்கத்தான்.

அம்மாவைத்தான் நினைக்க முடியவில்லை. அவனுக்குத் தன் கையால் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டுவிட்டவள். கத்தினால் தாங்குவேன், அவனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? உன் பேச்சு அம்மாவிடம் எடுபடும். முதல்நாளே வந்துவிடு டி.

வரும்போது கொசுவலை ஒன்று வாங்கி வா. முகப்பில் பிடுங்கி எடுக்கிறதாம். ஒற்றைக் கட்டில் அளவு போதும், இப்போதைக்கு.

உன்
வள்ளி