விந்தைப் பேழைக் கண்காட்சி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அரிய, வியப்பான பொருள்களை ஒன்றுசேர்த்து வைத்த அறைகளும் அலமாரிகளுமான ஐரோப்பியரின் பழைய விந்தைப் பேழைகளை முன்மாதிரியாகக் கொண்டு இக்காலத்துக்கேற்ற கண்காட்சி ஒன்றை நமது சங்கம் அமைக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. ஆண்டின் பெரும்பகுதி அப்பணியிலேயே கழிந்ததால் இவ்வறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நேப்பிள்ஸ் நகரத்து மருந்தாளர் ஃபெர்ராந்தே இம்பெராட்டோ 1599இல் வெளியிட்ட நூலில், அவருடைய சேகரிப்பு அறையின் படம் இருக்கிறது. விதானத்தில் முதலை ஒன்று தலைகீழாகத் தொங்க, அதைச் சுற்றிலும் சிப்பிகளும் மீன்களும் நிறைந்திருக்கும். நாமும் ஒரு முதலையைத் தொங்கவிட்டு, கருமரப் பேழைகளை அடுக்கினால் வேலை முடிந்தது என்று முதற்கூட்டத்தில் சிலர் கருதினோம். அவர்களில் நானும் ஒருவன். பழைய சேகரிப்பாளர்களைப் பற்றிப் படித்த பிறகே அது வெறும் ஒப்பனை என்பது புரிந்தது. மருத்துவர் சாமுவேல் குவிக்கெபெர்க் 1565இலேயே ஜெர்மனியின் மியூனிக்கில் அச்சிட்ட நூலில் இத்தகைய சேகரிப்புகளை ஐந்து பெரும்பிரிவுகளாக வகுத்திருந்தார். ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று அரசர்கள் பெருவிலை கொடுத்து வாங்கிய பொருள், நார்வால் என்னும் திமிங்கிலத்தின் தந்தமே என்பதைக் கோபன்ஹேகன் மருத்துவர் ஓலே வோர்ம் 1638இல் விளக்கினார். ஆகவே அந்த அறைகள் வியப்பதற்கு மட்டுமன்றி, ஐயுறுவதற்கும் இடமாக இருந்தன.

நம் பேழைகளும் பார்ப்பவரை அவ்வாறே வியக்கவும் ஐயுறவும் வைக்க வேண்டும் என்று, பொருள்களைக் காலம், நாடு என்று பிரிக்காமல், ஒவ்வொரு பேழைக்கும் ஓர் ஒப்புமையை அடிப்படையாகக் கொண்டோம். 'சுருள்' என்ற பேழையில் சங்கும் ஆட்டுக்கடாவின் கொம்பும் கடிகாரச் சுருள்வில்லும் திருகாணியும் அருகருகே இடம்பெற்றன.

விளக்கக்குறிப்புகளைப் பற்றிய விவாதம்தான் நான்கு கூட்டங்களை எடுத்துக்கொண்டது. எழுத்தே வேண்டாம், பார்ப்பவர் தாமே திகைத்து நிற்கட்டும் என்றது ஒரு தரப்பு. குறிப்பில்லாத பொருள் அநாதைப் பொருள் என்றது மறுதரப்பு. முடிவில், பொருளின் அருகில் எண் மட்டும் இருக்க, விவரத்தைப் பேழையின் கீழுள்ள இழுப்பறையில் வைத்தோம். பொருள் இன்னது, செய்தவரோ கண்டெடுத்தவரோ யார், நம்மிடம் எப்படி வந்தது என்ற மூன்றையும் எழுதினோம். மூன்றாவது கேள்வி வியப்பைக் கெடுக்கும் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. 1753இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அடித்தளமான, லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பில் சுமார் 71,000 பொருள்கள் இருந்தன. அவருடைய செல்வத்தில் ஒரு பகுதி, ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் இயங்கிய கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அதை மறைத்துவிட்டுச் சிப்பியின் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது. நம்மிடம் உள்ளவற்றில் வந்த வழி தெரியாத பொருள்களுக்குத் 'தெரியவில்லை' என்றே எழுதியுள்ளோம்.

பேழைகளால் ஒரு தாமதமும் நேர்ந்தது. ஓக் மரம் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி சிப்பிகளின்மீது வெண்பொடி பூக்கச் செய்யும், ஈயத்தையும் அரிக்கும். இதை எழுத்திலேயே தெரிவித்திருந்தும், பேழை செய்தவர் உட்புறத்தை ஓக் பலகையால் அமைத்து அனுப்பிவிட்டார். அவற்றைத் திருப்பி, உட்புறத்தை எஃகுத் தகட்டால் அமைத்துப் பெற்றோம். நன்கொடையாக வந்த பதப்படுத்திய பறவைகளில் பழங்கால வழக்கப்படி ஆர்சனிக் என்னும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கையுறையுடன் மட்டுமே எடுத்து, மூடிய பேழையில் வைத்தோம்.

இறகுகளுக்கும் துணிகளுக்கும் ஒளி 50 லக்ஸை (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) தாண்டக்கூடாது. இருட்டாக இருக்கிறது என்று பார்வையாளர் குறைகூறியபோது, பேழையின் ஒளியைக் கூட்டாமல் நடைவழியின் ஒளியைக் குறைத்தோம். கண் பழகியதும் குறை நின்றது.

இழுப்பறைகளோ வேறு பாடம் கற்பித்தன. தொடக்க நாள்களில் அவற்றை யாருமே திறக்கவில்லை. அருங்காட்சியகத்தில் எதையும் தொடக்கூடாது என்பதுதானே நம் எல்லோருக்கும் பழக்கம். 'திறந்து பாருங்கள்' என்ற பலகையும் பயன்படவில்லை. ஒவ்வொரு பேழையிலும் ஓர் இழுப்பறையைக் காலையில் பாதி திறந்து வைத்தோம். அன்று முதல் மற்றவற்றையும் மக்களே திறக்கத் தொடங்கினர்.

மேல்தட்டுப் பொருள்கள் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் சிறுவர்களுக்கும் இன்னும் தென்படவில்லை. அவற்றை இறக்கி அமைக்க வரும் ஆண்டில் அனுமதி வழங்குமாறும், இவ்வறிக்கையை ஏற்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்