பாலாற்றங்கரையிலிருந்து வேதியியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்களில் சிலரோடு போனில் பேசியிருக்கிறேன். "சாம்பிள் வந்துதா, ரிசல்ட் எப்ப சார்?" என்ற அளவில். இன்று கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

போன வருடம் என் அக்கா மகள் எம்.எஸ்சி. முடித்தாள். கடல் எப்படி கார்பனை வாங்கி வைத்துக்கொள்கிறது, அதில் ஆற்றுத் தண்ணீருக்கு என்ன பங்கு என்று புராஜெக்ட் செய்ய ஆசைப்பட்டாள். பாலாற்றுத் தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது அது எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதை, அளப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியும் கொடுத்தாள். கிடைத்த பதில்: "கடல் எங்கம்மா இருக்கு, நாம எங்க இருக்கோம்? டேனரி தண்ணியில குரோமியம் எடு. ரெஃபரன்ஸ் நிறைய கிடைக்கும்." தோல் பதனிடும் ஆலைக் கழிவில் குரோமியம் அளந்தாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். குரோமியம் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் யார், எனக்குச் சோறு போடுவதே அதுதான். ஆனால் "கடல் எங்க இருக்கு" என்ற அந்தக் கேள்வி மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

நம் வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு. மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.) இதோடு நாமே கடலையும் சேர்த்துக்கொண்டால் எப்படி? ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கி 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நட்சத்திரம் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம் என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த வேதியியல்தான். மனிதர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. வருடத்துக்குச் சுமார் 1,000 கோடி டன். காற்றில் இருப்பதைப் போல 40 மடங்குக்கும் மேலான கார்பன் கடலில் இருக்கிறது. கோலி சோடாவில் இருப்பதுபோல வாயுவாகவே கரைந்து கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடப்பது 1 சதவீதம்கூட இல்லை. உள்ளே போன வாயு தண்ணீரோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து பைகார்பனேட்டாகிவிடுகிறது. கடலில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் (உயிர்ப்பொருளில் சேராத கார்பன்) சுமார் 90 சதவீதம் இந்த பைகார்பனேட்தான். சோடா வாயுவை அடைத்து வைக்கிறது, மூடியைத் திறந்தால் போய்விடும். கடல் அதை வேறு பொருளாக்கி வைத்துக்கொள்கிறது.

இந்த பைகார்பனேட் நமக்கு அந்நியமா? சுடுதண்ணீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, புளி போட்டுத் தேய்த்தால் லேசாக நுரைத்துக்கொண்டு விடுகிறதே, அது எங்கிருந்து வந்தது? மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. அந்த லேசான அமிலம் நம் பாறைகளை மெல்ல மெல்ல அரித்து பைகார்பனேட்டாக போர் தண்ணீரில் சேர்கிறது. அடுப்பில் வைத்ததும் பாதி வாயுவாகப் போய்விடுகிறது, மீதி பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடுப்புக்கு வராமல் ஆற்றோடு போனது கடலுக்குப் போய்ச் சேர்கிறது. பைகார்பனேட் அமிலத்தை ஈடுகட்டும் என்பதால், கடலுக்குக் காரத்தன்மை கிடைக்கும் முக்கியமான வழிகளில் ஒன்று இது. பாலாறு நந்தி மலையில் பிறந்து, 348 கிலோமீட்டர் வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் கலக்கிறது. பெரும்பாலான நாட்களில் மணலாகக் கிடந்தாலும், 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்களுக்கு அது என்னென்ன அடித்துக்கொண்டு போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கணக்கு. எங்கள் கூடத்துக்கு வரும் போர் தண்ணீரில் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 300, 350 மில்லிகிராம் என்பது சாதாரணம். கடல் தண்ணீருக்கு அதே அலகில் போட்டுப் பார்த்தால் சுமார் 118. நம் வீட்டு போர் தண்ணீரில் கடலைவிட மூன்று மடங்கு! இதை என் அக்கா மகளிடம் சொன்னபோது நம்பாமல் மூன்று தடவை கணக்குப் போட்டாள்.

கடல் கார்பன் ஆராய்ச்சியின் அடிப்படை அளவீடுகளில் ஒன்று, உங்கள் பிஎஸ்சி முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற அதே டைட்ரேஷன், அதாவது சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. பியூரெட் என்ற அளவுக் குழாயில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், கீழே தண்ணீர். வித்தியாசம் எல்லாம் துல்லியத்தில். 50 மில்லி கடல் தண்ணீருக்கு நம் வழக்கமான என்/50 அடர்த்தி ஆசிட் 6 மில்லிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். பியூரெட்டின் ஒரு சொட்டு 0.05 மில்லி. நிறம் மாறுகிற எண்ட் பாயிண்டில் ஒரு சொட்டு கூடப்போனால் ஏறக்குறைய 1 சதவீதம் பிழை. கடல் ஆராய்ச்சிக்காரர்கள் கேட்பது 0.1 சதவீதம். ஏன் அவ்வளவு கறார்? மேல்மட்டக் கடல் நீரில் மொத்தக் கனிமக் கார்பன் கிலோவுக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு). மனிதர்கள் விடும் புகையால் அது வருடத்துக்கு ஏறுவது சுமார் 1. அந்த அளவீட்டில் 1 சதவீதம் தவறினால் 20 வருடத்து மாற்றம் கண்ணில் படாமல் போய்விடும். அதனால் அவர்கள் ஆசிட்டைக் கொள்ளளவாகப் படிக்காமல் எடை போடுகிறார்கள், நிறம் மாறுவதற்குப் பதில் மின்முனையைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்சன் தயாரித்துப் பாட்டிலில் அடைத்து அனுப்பிய ஒப்பீட்டுக் கடல் நீரை வைத்துத்தான் பல நாட்டுக் கூடங்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துவந்திருக்கின்றன. கடல் ஓரத்தில் இருந்தால் இந்தத் துல்லியம் தானாக வந்துவிடாது. கைப்பழக்கத்தில்தான் வரும். தினமும் 40 சாம்பிள் பார்க்கிற ஊர்க்காரர்களுக்குக் கைப்பழக்கத்துக்கா பஞ்சம்?

கடல் முழுக்க ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். நமக்கு இந்தப் பக்கம் வங்கக்கடல், அந்தப் பக்கம் அரபிக்கடல். அரபிக்கடல் மொத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் காற்றுக்கு விடுகிற கடல். தென்மேற்குப் பருவக்காற்றில் சோமாலியா, ஓமன் பக்கம் ஆழத்துத் தண்ணீர் மேலே வரும்போது அங்கே சேர்ந்திருந்த கார்பனும் கூடவே வருகிறது. வங்கக்கடலின் கதை வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுகிற நல்ல தண்ணீர் மேலே மூடி போட்டதுபோல் நின்று, ஆழத்துத் தண்ணீர் ஏறி வருவதைத் தடுக்கிறது. அதே ஆறுகள் கொண்டுவரும் வண்டல், செத்த நுண்ணுயிர்த் துணுக்குகளோடு ஒட்டி அவற்றைக் கனமாக்கி வேகமாக அடிக்கு இறக்குகிறது. மண்ணும் ஆறும் இல்லாமல் வங்கக்கடலின் கார்பன் கணக்கை எழுதவே முடியாது. இவ்வளவு இருந்தும், மற்ற பெருங்கடல்களோடு பார்க்கும்போது இந்தியப் பெருங்கடலில் எடுத்த அளவீடுகள் குறைவு.

கடலில் இரும்பைத் தூவிப் பாசி வளர்த்தால் கார்பன் அடிக்குப் போய்விடும் என்று ஒரு யோசனை இருந்தது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் 2009-ல் போலார்ஸ்டெர்ன் கப்பலில் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலுக்குப் போய்ச் செய்து பார்த்தன. பாசி வளர்ந்தது. வளர்ந்ததைச் சின்னச் சின்ன உயிரிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போனது கொஞ்சம்தான். அளந்து பார்த்ததால்தானே அது தெரிந்தது? இப்போது பாறைத் தூளை வயலில் போட்டு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை பைகார்பனேட் ஆக்குகிறோம், கார்பன் கிரெடிட் (கார்பனைக் குறைத்ததற்கு விற்கக்கூடிய சான்று) கொடுங்கள் என்று கம்பெனிகள் வருகின்றன. அவர்கள் சொல்வது நிஜமா என்று பார்க்கக் காரத்தன்மையைச் சரியாக அளக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை இருக்கிறது என்பது என் எண்ணம். வேலை இல்லாவிட்டாலும் படிக்க வேண்டியதுதான், அது வேறு பேச்சு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த மாணவி கடல் என்று வாயெடுத்தால் உடனே வெட்டிவிடாதீர்கள். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ என்ற தானியங்கி அளவீட்டு மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறி வந்து தகவல் அனுப்புகின்றன. சிலவற்றில் பிஎச், ஆக்சிஜன் அளக்கிற கருவியும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இந்தத் தகவலை இலவசமாகத் தருகிறது. காட்பாடி ஹாஸ்டல் அறையிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், கப்பல் தேவையில்லை.

அப்புறம், இந்த வடகிழக்குப் பருவமழைக்குப் பாலாற்றில் தண்ணீர் ஓடினால் ஒரே நாளில் மூன்று இடத்தில் எடுப்போம். ஜவ்வாது அடிவாரத்தில் அமிர்தி அருவி, வேலூர்ப் பாலத்தடி, வாயலூர் முகத்துவாரம். டேனரிக் கழிவு கலந்தால் காரத்தன்மைக் கணக்கு குழம்பும், அதனால்தான் அமிர்தியைச் சேர்க்கிறேன். கடல்காரர்கள் சாம்பிள் கெடாமலிருக்க மெர்குரிக் குளோரைடு சேர்ப்பார்கள். அந்த விஷத்தை மாணவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்று ராத்திரியே டைட்ரேட் செய்துவிடலாம்.

கண்ணாடி பாட்டில்கள் 24 கழுவிக் காய வைத்திருக்கிறேன். பியூரெட்டும் தருகிறேன். ஆசிட் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், அதை எங்கள் கூடத்துக் கணக்கில் எழுத முடியாது.

இப்படிக்கு,
உங்கள் சாம்பிள்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன்