வைக்கோல் பெட்டிக்குள் வேகிற சோறு

மல்லாவி

அன்புள்ள பிள்ளைக்கு,

காஸ் கெதியாய் முடியுது என்று எழுதியிருந்தாய். உலை கொதித்த பிறகும் நெருப்பைக் குறைக்காமல் விட்டால் அப்படித்தான் முடியும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் சூடு 100 பாகைதான், அதற்கு மேலே ஏறாது. மிச்ச நெருப்பெல்லாம் ஆவியாய்ப் பறக்கிறது. ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல் வேணும், அதே லீற்றரை முழுக்க ஆவியாக்க. பருப்பை மூடாமல் அவிக்காதே, பிள்ளை.

சோறு வேகிறதுக்கு முழுநேரமும் நெருப்பு வேண்டாம், சூடு நின்றால் போதும். அதுக்குத்தான் வைக்கோல் பெட்டி. பானையைவிடச் சுற்றிவர 4 அங்குலம் கூடின காட்போட் பெட்டி ஒன்று எடு. அடியில் 4 அங்குலத்துக்கு வைக்கோலை அமத்திப் பரப்பி, நடுவில் பானையை வைத்துச் சுற்றிவர இறுக்கி அடை. பானையைத் தூக்கினால் குழி சரியாமல் நிற்கவேணும். பழைய தலையணை உறைக்குள் வைக்கோல் அடைத்துத் தைத்து மேலே மூடு. மேல்பக்கத்தால்தான் சூடு கூடப் போகும், அங்கே தடிப்பாய்ப் போடு.

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து சமைக்கிறபடியால் சிவத்தப் புழுங்கல் அரிசி 2 சுண்டு (பால்பேணி அளவு) கணக்காக இருக்கும். ஒரு சுண்டு மட்டும் போட்டால் பானை கெதியாய் ஆறி, அரிசி நடுவில் கல்லாய் நிற்கும். அரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து வடித்துவிட்டு, புதுத்தண்ணீர் 4 சுண்டு ஊற்று. பெட்டிக்குள் ஆவி பறக்காது, வழக்கமாய் விடுகிற அளவு விட்டால் குழைந்துபோகும். மூடியோடு கொதிக்கவிட்டு, கொதித்த பிறகு மெல்லிய நெருப்பில் 10 நிமிஷம். பிறகு அப்படியே பெட்டிக்குள் வைத்துவிடு. ஒரு மணித்தியாலம் போக எடு. இடையில் மூடியைத் திறந்து பார்த்தாயோ, திரும்ப அடுப்பில்தான் வைக்கவேணும்.

கௌபி (தட்டைப்பயறு) என்றால் இரவே ஊறப்போட்டு, 15 நிமிஷம் கொதிக்கவிட்டு, இரண்டு மணித்தியாலம் பெட்டிக்குள். புளி, தக்காளியை முதலே போடாதே, தோல் இறுகிவிடும். காலமை வைத்ததைப் பின்னேரம் வரை பெட்டிக்குள் விடவும் கூடாது. இளஞ்சூட்டில் சோறும் பழுதாகும், கறியும் பழுதாகும்.

லீவுக்கு வந்து இங்கே விறகடுப்பில் செய்தால் ஒன்று கவனம். பானை அடியில் கரியோடு ஒட்டின ஒரு சின்னத் தணல் போதும், வைக்கோல் பிடித்துவிடும். ஈரச்சாக்கில் அடியை அழுத்தித் துடைத்து, ஒரு பழைய தகரத் தட்டின் மேல் வை.

வைக்கோலை வாரத்துக்கு ஒருக்கா வெயிலில் உதறிக் காயப்போடு. ஆவி பிடித்த வைக்கோல் பூஞ்சணம் பிடிக்கும், சூடும் நிற்காது. மாரியில் காயாது, அந்த நேரம் பழைய சீலை, துவாய்களை அடை. மீன் வருகிற றெஜிபோம் பெட்டி (பாரமில்லாத வெள்ளை நுரைப்பெட்டி) சும்மா கிடைத்தாலும் எடுக்காதே. சோற்றில் நாத்தம் ஏறும், சுடுபானை பட்ட இடம் உருகி அமுங்கும்.

வைக்கோல் ஒரு சாக்கு சனிக்கிழமை வவுனியா பஸ்ஸில் வரும். பெட்டி எடுக்கிறபோது பானையின் கைபிடியையும் சேர்த்து அளந்துபார்.

அம்மா